கயிற்றைப் பிடித்தவள் நின்ற பக்கம்

என் அன்புப் பங்காளி கோகிலாவுக்கு,

உன்னைப் பங்காளி என்று கூப்பிட்டு ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகிறது. பெண்பிள்ளைகள் இரண்டு பேர் ஆம்பிளைகளைப் போலப் பங்காளி, பங்காளி என்று கத்திக்கொண்டு திரிகிறோம் என்று பெரிய டாக்டர் தலையில் அடித்துக்கொள்வாரே, நினைவிருக்கிறதா? இப்போது இங்கே யாரும் யாரையும் அப்படிக் கூப்பிடுவதில்லை. என்னைத் தேன்மொழி அக்கா என்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் வேறொரு பெயரும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகையில் நாலு பேர் படிக்கப் போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், பொறுத்துக்கொள். கால்நடை மருத்துவம் முடித்துப் பட்டம் வாங்கிய கையோடு மற்றவர்கள் எல்லாம் மாடு, கோழி, நாய் என்று பிழைக்கத் தெரிந்த வழியில் போனார்கள். நாம் இருவர் மட்டும் பல்லடத்தைத் தாண்டி இருக்கிற இந்தக் குதிரை மருத்துவமனைக்கு ஒரு வருடப் பயிற்சிக்கு வந்தோம். "திருப்பூர்ல குதிரை எங்கடி இருக்குது?" என்று அனுப்பர்பாளையத்தில் என் அம்மா கேட்ட கேள்வியை நீ எத்தனை தடவை நடித்துக் காட்டியிருப்பாய்! வந்து பார்த்தால் ஏற்றுமதிக்காரர்களின் தோட்டத்தில் மார்வாரிக் குதிரைகள், பந்தய வண்டிக் குதிரைகள், கல்யாண மாப்பிள்ளையைச் சுமக்கிற குதிரைகள் என்று மூச்சுவிட நேரம் இல்லாத வேலை.

முதல் நாள் பெரிய டாக்டர் நமக்குக் கற்றுத்தந்தது ஊசி போடுவதை அல்ல, நிற்பதை. ஒருவர் குதிரைக்கு வைத்தியம் பார்க்கும்போது இன்னொருவர் தலைக்கயிற்றைப் பிடிக்க வேண்டும். இருவரும் ஒரே பக்கம்தான் நிற்க வேண்டும். குதிரை மிரண்டால் கயிற்றைப் பிடித்தவர் அதன் தலையைத் தன் பக்கம் இழுப்பார். தலை இந்தப் பக்கம் வந்தால் பின்பாகம் அந்தப் பக்கம் விலகிவிடும், உதை யார் மேலும் விழாது. எதிர்ப்பக்கம் நின்று இழுத்தால் பின்னங்கால்கள் வேலை செய்பவர் மேலேயே திரும்பும். "இதை மறந்தீங்கன்னா மத்ததெல்லாம் படிச்சும் பிரயோசனம் இல்லீங்க" என்றார்.

நான் மறக்கவில்லை, கோகி. மறந்திருந்தால்கூட மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

அன்றைக்குச் சித்திரை வெயில். ஒரு பனியன் கம்பெனிக்குப் பின்னாலேயே அதன் முதலாளியின் தோட்டம். சிட்டு என்கிற செவலைப் பெண்குதிரை முள்கம்பியில் இடது பின்னங்காலைக் கிழித்துக்கொண்டிருந்தது. நீ குனிந்து பழைய கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாய். கட்டுக்கு மேலே மெத்தை கொடுத்துச் சுற்ற, கம்பெனியில் ஏற்றுமதிக்கு ஆகாது என்று கழித்த பனியன் துணியைத்தானே வெந்நீரில் போட்டு அலசி வைத்திருப்போம்? "வெள்ளைக்காரனுக்கு இந்த வாரம் ரோஸ் கலர் மேல ஆசை போல பங்காளி" என்று சொல்லிச் சிரித்தாய். நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

எனக்கு வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. மறுபக்கம் வேப்பமர நிழல். சிட்டுவின் கழுத்துக்கு அடியில் புகுந்து வலது பக்கம் போய் நின்றேன். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குனிந்திருந்த உனக்கு நான் இடம் மாறியது தெரிந்திருக்காது. இரண்டு நிமிடம் நின்றிருப்பேன். கம்பெனிக்குள் பாய்லர் நீராவியைத் திறந்துவிட்டார்கள், அந்தச் சத்தத்துக்குச் சிட்டு துள்ளியது, நான் படித்தபடியே தலையை என் பக்கம் இழுத்தேன்.

உதை உன் நெஞ்சில் விழுந்தது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் நீ போய்விட்டாய்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெரிய டாக்டர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நீ எந்தப் பக்கம் நின்னே, தேன்மொழி?"

"அவ பக்கந்தானுங்க டாக்டர்" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. வாய் தானாகச் சொன்னது. ஆனால் மறுநாள் யோசித்தேன், அதற்கடுத்த நாளும் யோசித்தேன், மாற்றிச் சொல்லவில்லை. மருத்துவமனைப் பதிவேட்டில் அது ஏறிவிட்டது. உன் அப்பாவுக்கும் அதைத்தான் சொன்னார்கள். இரண்டு பிள்ளைகளும் முறைப்படிதான் நின்றார்கள், குதிரைதான் கெட்ட குதிரை என்று முடிந்தது.

என் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். துணியில் கடுகளவு எண்ணெய்க் கறை இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அவளும் என் முகத்தைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. தெரியாமல் விட்டாளா, தெரிந்தே விட்டாளா?

பழி முழுக்கச் சிட்டுவின் தலையில் விழுந்தது. முதலாளி அதை நம் மருத்துவமனையில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனவர் திரும்பி வரவே இல்லை. வாங்க வந்தவர்கள் கதையைக் கேட்டதும் வண்டியைத் திருப்பினார்கள். தீவனம் போடுகிறவர் தட்டைக் குச்சியால் தள்ளிவிட்டு ஓடிவருவார். அந்தப் பாவப்பட்ட குதிரை யாரையும் கடித்ததும் இல்லை, உதைத்ததும் இல்லை, அந்த ஒரு நாளைத் தவிர. நான் மட்டும் உள்ளே போய்த் தேய்த்துவிடுவேன். என்னைப் பெரிய தைரியசாலி என்று சொல்லிக்கொண்டார்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்.

இந்த வருடம் புதிதாகப் பட்டம் வாங்கிய இரண்டு பேர் பயிற்சிக்கு வந்திருக்கிறார்கள். ஆதவன் நம் பக்கத்துப் பையன், வாய் திறக்க மாட்டான். ரம்யா திருநெல்வேலிக்காரி, அவனுக்கும் சேர்த்துப் பேசுவாள். பயிற்சி முடிந்து நான் இங்கேயே வேலையில் தங்கிவிட்டதால், இவர்களுக்கு நிற்கக் கற்றுத்தருவது என் பொறுப்பு. 'எந்தப் பக்கம், எந்தப் பக்கம்' என்று நான் உயிரை வாங்குவதால் எனக்குப் 'பக்கம் அக்கா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நீ இருந்திருந்தால் அதைவிடக் கேவலமாக ஒன்று வைத்திருப்பாய்.

போன செவ்வாய்க்கிழமை காலை ஆதவன் ஒரு கல்யாணக் குதிரையின் பின்னங்குளம்பைச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். ரம்யா கயிற்றைப் பிடித்திருந்தாள். இந்தப் பக்கம் தரை ஈரமாக இருந்தது என்று எதிர்ப்பக்கம் போய்க் காய்ந்த இடத்தில் சாவகாசமாக நின்றிருந்தாள். ஆதவனை வெளியே வரச் சொல்லிவிட்டு அவளைப் பிடித்துக் கத்து கத்து என்று கத்தினேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "கோவப்படாதீங்கக்கா. நீங்களும் கோகிலாக்காவும் ஒரே பக்கந்தான நின்னீங்க? பதிவேட்டுல நான் படிச்சேன். அப்படி நின்னும் உதை விழுந்துட்டுல்லா? பின்ன எந்தப் பக்கம் நின்னா என்னக்கா?" என்று கேட்டாள்.

அவள் குறும்புக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே சந்தேகம். உன் சாவைப் படித்து அவள் தெரிந்துகொண்ட பாடம் இது. அந்தப் பாடத்தை எழுதியவள் நான். இன்னும் ஒரு மாதம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆதவனையும் கோயம்புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியும் பெரிய டாக்டரின் அறை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன், கோகி. மூன்று தடவை.

அதே வாரம் தாராபுரம் பக்கமிருந்து ஒருவர் பந்தய வண்டிக்குச் சிட்டுவைக் கேட்டு வந்தார். உன் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்பக் கூடாது என்று பெரிய டாக்டர் உங்கள் ஊர் கொமரலிங்கத்துக்குப் போன் செய்தார். "விக்கறதுக்கு முந்தி நான் ஒருக்கா பாக்கோணுங்க" என்றாராம் அப்பா.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வந்தார். மெலிந்துவிட்டார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை, தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார். பெரிய டாக்டர், ஆதவன், ரம்யா எல்லாரும் லாயத்துக்கு வெளியே நின்றோம். சிட்டுவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"கண்ணு, அன்னைக்கிப் புடிச்ச மாதிரியே இதைப் புடி. எம்புள்ளை எங்க இருந்தான்னு நான் பாக்கோணும்."

"கிட்டப் போவாதீங்க, வேண்டாமுங்க" என்று பெரிய டாக்டர் தடுத்தார்.

"நாப்பது வருசமா மாட்டுக் காலுக்குள்ளயே கெடக்கறவனுங்க நான். ஒண்ணும் ஆவாது" என்றார் அப்பா.

நான் உள்ளே போய்க் கயிற்றைப் பிடித்தேன். இடது பக்கம்தான் நின்றேன். அப்பா சிட்டுவின் முதுகில் கையை வைத்துத் தடவிக்கொண்டே போய், இடது பின்னங்காலுக்குப் பக்கத்தில், நீ குனிந்திருந்த அதே மாதிரி குனிந்தார். சிட்டுவின் காதுகள் பின்னால் திரும்பின. அதன் தோல் துடிப்பது கயிற்றில் தெரிந்தது. வெளியே சாலையில் ஒரு தனியார் பஸ் ஹாரனை அடித்துக்கொண்டு போனது. எனக்கு உள்ளங்கை வேர்த்துக் கயிறு வழுக்கியது.

"நீ இங்கதான் நின்னியா கண்ணு? நானும் ஒரு வருசமா யோசிச்சுப் பாக்கறேன். நீ அங்க நின்னு தலையை இழுத்தா இதோட பின்னங்கால் அக்கட்டால்ல போவோணும்? எம்புள்ளை மேல எப்படி வந்துச்சு?"

மாடு மேய்த்தவருக்குத் தெரியாதா? ஒரு வருடமாக அவருக்கு அது இடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. கேட்பதற்கு ஆள் இல்லாமல் இருந்திருக்கிறார்.

"அப்பா, மொதல்ல எந்திரிச்சு வாங்க" என்றேன்.

"நீ எங்க நின்னேன்னு காட்டு, வர்றேன்."

"காட்ட மாட்டேனுங்க. நீங்க அங்க இருக்கறப்ப நான் அந்தப் பக்கம் போவ மாட்டேனுங்கப்பா."

அவ்வளவுதான், கோகி. சொல்லிவிட்டேன். ஒரு வருடமும் இரண்டு மாதமும் தொண்டையில் கிடந்தது அப்படித்தான் வெளியே வந்தது. ரம்யா வாயைப் பொத்திக்கொண்டாள். பெரிய டாக்டர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். அப்பா எழவில்லை. குனிந்தபடியே சிட்டுவின் காலில் ஆறிப்போன தழும்பின் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார். கயிற்றைப் போட்டுவிட்டு ஓடிவிடலாம் போல இருந்தது. ஓட முடியாது, அவர் அந்தக் காலடியில் இருக்கிறார். என் வாழ்நாளில் எந்தக் கயிற்றையும் அப்படிப் பிடித்ததில்லை.

"ஏங் கண்ணு அந்தப் பக்கம் போனே?"

"வெயிலுங்க."

"வெயிலுக்கா?" என்று கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார்.

"ஆமாங்கப்பா. மூஞ்சில வெயில் அடிச்சுதுங்க."

பிறகு மெல்ல எழுந்து முன்பக்கமாக வந்தார். சிட்டுவின் நெற்றியில் கையை வைத்தார். "இந்த வாயில்லாச் சீவனை நான் சபிக்காத நாளில்ல" என்று அதனிடமே சொன்னார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனவர் வாசலில் நின்று திரும்பினார்.

"இதை அவ அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன் கண்ணு. என்னால ஆவாது. நீயே வந்து உன் வாயால சொல்லு. ஞாயித்துக்கெழம நாங்க ஊட்லதான் இருப்போம்."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பஸ் ஏற்றிவிட ஆதவன் கூடப் போனான்.

பெரிய டாக்டர் பதிவேட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். "இவங்க ரெண்டு பேர் முன்னாடியும் எழுது. ஒரு வருசமா நான் பசங்களுக்குத் தப்பாப் பாடம் நடத்தியிருக்கேன், உன்னால" என்றார். எழுதினேன். இனிமேல் நான் பயிற்சி கொடுக்க வேண்டாம், குதிரைகளையும் தொட வேண்டாம், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். அந்தப் பிறகு எப்போது என்று நான் கேட்கவில்லை. ரம்யா இன்றைக்குக் காலையில் ஆதவனிடம் "எந்தப் பக்கம்?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுக் கயிற்றை எடுத்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அது போதும் எனக்கு.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. உன் அம்மா என் வாயால் கேட்பதற்கு முன்னால் யாரும் இதைப் படிக்கக் கூடாது என்பதால் கடிதத்தை எழுதிப் பையில் வைத்திருக்கிறேன். போய்ச் சொல்லிவிட்டு வந்துதான் பத்திரிகைக்கு அனுப்புவேன்.

காலையிலிருந்து ஒத்திகை பார்க்கிறேன், கோகி. ஒவ்வொரு தடவை சொல்லிப் பார்க்கும்போதும் மனசு ஒரு நல்ல காரணத்தைத் தேடுகிறது. தலை சுற்றியது என்று சொல்லலாமா? குதிரை முரண்டு பிடித்தது, அதனால் மாறினேன் என்று சொல்லலாமா? பெற்றவளுக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருக்காதா? இப்படியெல்லாம் கேட்கிறது.

உன் அம்மா கதவைச் சாத்தலாம். மண்ணை வாரித் தூற்றலாம். ஒன்றுமே பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். எதுவானாலும் உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். வேறு எந்தக் காரணத்தையும் சேர்க்க மாட்டேன். உங்கள் மகள் வெயிலில் குனிந்து வேலை செய்தாள், நான் நிழலுக்குப் போனேன் என்று மட்டும் சொல்வேன்.

இப்படிக்கு,
கொமரலிங்கத்துக்குக் காலை முதல் பஸ்ஸில் வரும்
உன் பங்காளி,
தேன்மொழி