ஊர்க் கைநாட்டு

புதூர்நாடு,
12-7-1981

அன்புள்ள தம்பி கண்ணாயிரத்துக்கு அக்கா எழுதுவது.

நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். நீ பாங்காக்கில் வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைக்கக் காசா பணமா. உன் தடித்த உறை பத்தொன்பது நாள் கழித்து வந்தது. தபால்காரர் சிங்காரம் அதைப் பள்ளிக்கூடம் முழுக்கக் காட்டிவிட்டுத்தான் என் கையில் கொடுத்தார். தபால்தலைகளைப் பிள்ளைகள் அதற்குள் பிய்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

போன மாதம் கண்ணமங்கலம் போய் அம்மாவைப் பார்த்தேன். முழங்கால் வீக்கம் குறையவில்லை. ஆனால் வாய்க்கு ஒரு குறையும் இல்லை. ஆசியாக் கண்டத்துக்கே என் பிள்ளைதான் செயலாளர் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். மாணவர் சங்கக் கூட்டமைப்பில் நீ துணைச்செயலாளர்தான் என்று நான் திருத்தப் போகவில்லை. வயசான காலத்தில் சந்தோஷப்பட்டுவிட்டுப் போகட்டும்.

நீ கேட்ட விண்ணப்ப வேலை முடிந்தது. அதைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருந்தாய். ஒவ்வொரு நாட்டு மாணவர் சங்கமும் தன் நாட்டில் மலையிலிருந்தும் காட்டிலிருந்தும் படிக்க வருகிற பிள்ளைகளின் குறையை எழுதி வாங்கிக் கொண்டுவரவேண்டும். அதை வேறு இரண்டு நாட்டுச் சங்கங்கள் உட்கார்ந்து சரிபார்க்கும். சரி என்று ஆனால் கூட்டமைப்பில் இருக்கிற எல்லாச் சங்கங்களும் ஒரே குரலாக அந்த அரசாங்கத்துக்கு எழுதும். மலைப்பெண்கள் கீழே போய்க் கல்லூரியில் படிக்க ஒரு விடுதி வேண்டும் என்று நாங்கள் நாலு வருஷமாக எழுதி ஒரு பதிலும் வரவில்லை. பத்து தேசத்துக்காரன் எழுதினாலாவது யாராவது உறையைப் பிரிப்பார்கள் என்றுதான் நானும் கிளம்பினேன்.

ஊர்க்கவுண்டர் ரங்கசாமியை உனக்கு நினைவிருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன் நீ வந்தபோது உனக்குப் பலாப்பழம் அறுத்துக் கொடுத்து, நீ எண்ணெய் தடவாமல் கையை வைத்துவிட்டு முழித்ததைப் பார்த்துச் சிரித்தாரே, அவர்தான். ஊர்க்கூட்டத்தில் நான் உன் நாலு பக்கத்தையும் எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று விழித்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். இங்கே பத்துப் பதினைந்து ஊர் சேர்ந்தது ஒரு நாடு. "நம்ம நாட்டு வழக்குன்னா பக்கத்து நாட்டாரு வந்து உக்காந்து தீக்கறாங்க இல்ல, அதாம்பா இது" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். சம்மதத்துக்கு அடையாளமாக ஆளுக்கொரு வெற்றிலை எடுத்தார்கள். எனக்குப் பாதி பாரம் இறங்கியது.

காகிதங்களைக் கவுண்டரிடமே விட்டு வந்தேன். சாமை விதைப்பு நேரம், ஆட்கள் கொல்லைக்காட்டிலிருந்து திரும்பவே இருட்டிவிடுகிறது. நான் வீடு வீடாக ஏறி இறங்க முடியாது. தொண்ணூற்றாறு பேர். எல்லாவற்றுக்கும் நேராக ரேகை விழுந்து நேற்று என் கைக்கு வந்தது. எனக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். ஜீப் வாரத்துக்கு இரண்டு நாள்தான், தவறவிட்டால் உன் தேதி போய்விடும். அனுப்பிவிட்டேன்.

அந்தப் பட்டியலில் செல்லியம்மாள் என்று ஒரு பெயர் இருக்கும். என்னிடம் படித்தவள். இந்த ஊரிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண். கீழே ஒரு வாத்தியார் வீட்டில் தங்கியிருக்கிறாள், கார்த்திகை பிறந்தால் அங்கே இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதற்குள் விடுதிக்கு வழி பிறக்காவிட்டால் தை மாதம் தாய்மாமனுக்குக் கட்டிக்கொடுத்துவிடுவேன் என்கிறார் அவள் அப்பா சின்னதம்பி. அவர் கெட்டவர் இல்லை. வயசுப்பெண்ணை அந்நியர் வீட்டில் எத்தனை நாள் விட்டுவைப்பது என்று கேட்கிறார். உன் கூட்டத்தில் பேசும்போது மற்ற தொண்ணூற்றைந்தையும் மறந்தாலும் இந்தப் பெயரை மறக்காதே.

கம்பளிச் சட்டை வாங்கினாயா? அங்கே குளிரே கிடையாது என்று சிங்காரம் சொல்கிறார். அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் சிரிக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அக்கா
பாஞ்சாலை


புதூர்நாடு,
6-12-1981

அன்புள்ள தம்பி கண்ணாயிரத்துக்கு,

உன் கடிதம் வந்தது. கூட்டமைப்பின் பெயர் அச்சடித்த தாளில், டைப் அடித்து, 'ஆசிரியை பாஞ்சாலை அவர்களுக்கு' என்று ஆரம்பித்திருந்தாய். சிங்காரம் கூட இந்தத் தடவை யாருக்கும் காட்டவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

நடந்ததாக நீ எழுதியிருப்பது இது. சரிபார்க்க உட்கார்ந்த இரண்டு நாட்டுப் பிரதிநிதிகளில் ஒரு பெண், பட்டியலில் செல்லியம்மாள் கல்லூரி மாணவி என்று இருப்பதைப் பார்த்திருக்கிறாள். கல்லூரியில் படிக்கிறவள் எதற்குக் கைநாட்டு வைக்கிறாள் என்று கேட்டிருக்கிறாள். பிறகு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். தொண்ணூற்றாறும் ஒரே கட்டைவிரல். இந்தியச் சங்கம் போலி விண்ணப்பம் கொண்டுவந்தது என்று சபையில் பேசியிருக்கிறார்கள். விடுதி விஷயத்தை எடுக்கவே இல்லை. விசாரணை முடிகிறவரை நீ பொறுப்பிலிருந்து ஒதுங்கியிருக்க வேண்டும் என்று நம் நாட்டுச் சங்கமே உனக்கு எழுதிவிட்டது. இதெல்லாம் ஒரு பக்கத்தில். கடைசியில், 'நீங்கள் ஓர் ஆசிரியை. பார்க்கவில்லையா?'

பார்த்தேன், தம்பி.

ஜீப்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். புரட்டிப் பார்த்தேன். எல்லா ரேகையிலும் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு. அது கவுண்டரின் விரல் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பலா அறுத்தபோது பட்ட வெட்டு, நான்தான் மருந்து வைத்துக் கட்டினேன். பொய் இல்லை அது. வெற்றிலை எடுத்தாகிவிட்டால் பிறகு கவுண்டர் விரல்தான் ஊர் விரல். கோயில் காரியமானாலும் கல்யாணமானாலும் இங்கே அப்படித்தான் நடக்கிறது. தாங்கள் தப்பு செய்தோம் என்று அவர்கள் யாருக்கும் இன்றுவரை தோன்றவில்லை. ஆனால் உங்களுக்கு அது செல்லாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் இருந்தது. திரும்ப மேலே ஏறி வீடு வீடாகப் போக உடம்பில் தெம்பில்லை. யார் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்து, காகிதத்தைக் கட்டி ஜீப்காரனிடம் கொடுத்துவிட்டேன். அலுப்பு, தம்பி. வேறொன்றும் இல்லை. இந்த மலையில் பதினோரு வருஷ அலுப்பில் ஒரு காலைநேரத்து அலுப்பு உன் தலையில் போய் விழுந்துவிட்டது.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு கவுண்டரிடம் போனேன். சாமை அடித்துக்கொண்டிருந்தார். போலி என்ற வார்த்தையை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மூன்று தடவை ஆரம்பித்து நிறுத்தினேன். சொன்னதும் அவர் கோபப்படவில்லை. தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். தம்பிக்கு வேலை போய்விடுமா என்று முதலில் அதைத்தான் கேட்டார். பிறகு என்ன செய்தால் சரியாகும் என்றார். ஒவ்வொருவரும் தனித்தனியாக வைக்கவேண்டும், பெண்பிள்ளைகளும் சேர்த்து என்றேன். சாமை அடிக்கிற கோலைக் கீழே வைத்தார்.

"வூட்டுக்கு வூடு தனி ரேகை கேட்டா, அப்புறம் ஊருன்னு ஒண்ணு இன்னாத்துக்கு டீச்சர்?"

உங்கள் சபையில் யாருக்காவது பதில் தெரிந்தால் எழுது.

இருந்தாலும் மறுநாளே ஊரைக் கூட்டினார். ஒரே விஷயத்துக்கு இரண்டாம் முறை கூட்டம் போடுவது இந்த ஊரில் இதுவரை நடந்ததில்லையாம். கொடுத்த சொல்லை மறுபடி கொடுக்கச் சொல்வது தங்களை நம்பாததற்குச் சமம் என்று ஏழு பேர் எழுந்து போய்விட்டார்கள். மற்றவர்கள் வரிசையாக வந்தார்கள். மை வைத்த கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் பெண்கள் கூச்சத்தோடு சிரித்தார்கள். இந்தத் தடவை நான் மதியம் முழுக்க அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கடைசியாகக் கவுண்டர் வந்து, தன் பெயருக்கு நேராக மட்டும் ஒரு ரேகை வைத்துவிட்டுப் போனார். தழும்பு தெரியும், பார்.

போன வாரம் இரண்டு வீட்டுக்காரர்களுக்கு வரப்புத் தகராறு வந்தது. கவுண்டரிடம் போகவில்லை. நேரே கீழே ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்கள். தனித்தனி ரேகை கேட்டு இதையும் நான்தான் செய்தேன்.

செல்லியம்மாள் கார்த்திகை பிறந்ததும் பெட்டியோடு மேலே வந்துவிட்டாள். கூட்டத்தன்று அப்பாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். பழைய பட்டியலில் அவள் பெயருக்கு நேரே என்ன இருந்தது என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. "எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் டீச்சர். யாருமே என்னக் கேக்கலியே" என்றாள். என்னைத்தான் சொன்னாள். பேனாவை வாங்கி, முழுப்பெயரையும் எழுதி, கீழே வகுப்பையும் எழுதினாள். சின்னதம்பி அந்த எழுத்தைக் குனிந்து பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது, ஆனாலும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தன் விரலை மையில் தோய்த்துக்கொண்டே, "பங்குனி வரைக்கும் பாக்கறேன் டீச்சர். அதுக்கு மேல என்ன ஒண்ணும் சொல்லக்கூடாது" என்றார். மூன்று மாதம் கிடைத்திருக்கிறது.

அதுவரை அவள் கண்ணமங்கலத்தில் அம்மாவோடு இருக்கட்டும் என்று கொண்டுபோய் விட்டு வந்தேன். அங்கிருந்து கல்லூரிக்குப் பஸ் இருக்கிறது. உன் அறையைத்தான் கொடுத்திருக்கிறோம். உன் கொடிகளையும் நோட்டீஸ்களையும் அம்மா கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டாள். நீ எப்போது வந்தாலும் கூடத்தில் படுத்துக்கொள்ளலாம், பழையபடி.

புதுக்காகிதம் இதோடு இருக்கிறது. எண்பத்தொன்பது. தொண்ணூற்றாறு என்று சொல்லாதே, ஏழு பேர் ஏன் வைக்கவில்லை என்பதையும் சபையில் அப்படியே சொல். இதோடு நான் தனியாக ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். ஒரே விரல் என்று தெரிந்தும் அனுப்பியது நான், கண்ணாயிரத்துக்கு எதுவும் தெரியாது என்று இங்கிலீஷில் எழுதி, என் பெயரும் பதவியும் போட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஹெட்மாஸ்டரிடம் பிழை திருத்தக் கொடுத்தேன். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவள் இப்படி எழுதிக்கொடுத்தால் கேள்வி வரும் என்றார். வரட்டும். பிழையைத் திருத்திவிட்டு, 'வருந்துகிறேன்' என்பதற்கு இன்னும் நல்ல வார்த்தை ஒன்று போட்டுக் கொடுத்தார்.

காலம் கடந்த காகிதத்தை உங்கள் சபை வாங்காது என்பது உன் விதிமுறைப் புத்தகத்திலேயே இருக்கிறது, படித்துவிட்டேன். இருந்தாலும் அந்தப் பெண் பிரதிநிதியிடம் மட்டும் ஒரு தடவை காட்டு. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் செய்திருக்க வேண்டியதைத்தான் அவள் செய்தாள். செல்லியம்மாளின் கையெழுத்தை அவள் பார்க்கவேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

உன் பொறுப்பு திரும்பக் கிடைக்குமோ கிடைக்காதோ, எனக்குத் தெரியாது. கிடைக்காவிட்டால் அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். நீ என்னைத் திட்டி எழுது, பத்துப் பக்கம் எழுது, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் டைப் அடிக்காதே, சாமி. உன் கையால் எழுது. மேலே அக்கா என்று போட்டு எழுது.

பாஞ்சாலை