தக்காளிப் பெட்டியில் என் பாதி வாக்கியம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன், கீழே எழுதப்போவதைப் படித்துவிட்டு இந்த முதல் வரி பொய் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். சொல்லியிருக்கலாம்தான், ஆனால் நான் ஒன்று பேச ஆரம்பித்தால் நீ "சரிம்மா, புரிஞ்சுதும்மா" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய், பாதியை எடுத்துக்கொண்டு போய் நீ என்ன செய்வாய் என்பது இப்போது எனக்குத் தெரிந்துபோயிற்று. காகிதத்தில் எழுதினால் முழுவதும் ஒரே இடத்தில் இருக்கும்.

வீட்டுச் சேதியை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படியைக் கண்டால்தான் வலி ஞாபகத்துக்கு வருகிறது, கடைத்தெருவுக்குப் போகும்போது வருவதில்லை. தம்பிக்கு ஆஸ்பத்திரியில் பகல் வேலையாக மாற்றிவிட்டார்கள், அதனால் இப்போது மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டுவிட்டு யார் தட்டு கழுவுவது என்று சேர்ந்தே சண்டை போடுகிறோம். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, ஊரார் தண்ணீரையெல்லாம் சோதிக்கிற அம்மாவுக்கு வீட்டுக் குழாய் கண்ணில் படாது என்று தம்பி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை உன் சித்தி வந்தாள், வரும்போது கையில் ஒரு தக்காளிப் பெட்டி. "அக்கா, உன் பொண்ணு உன்னைப் பெட்டி மேலயே ஏத்திட்டா பாரு" என்று சிரித்தபடி மேசையில் வைத்தாள். பச்சை அட்டை, பெரிய எழுத்தில் 'தண்ணீரைக் காக்கும் தக்காளி', அதற்குக் கீழே மேற்கோள் குறிக்குள் 'கொட்டகைத் தக்காளி தண்ணீர்ச் செலவைப் பாதியாகக் குறைக்கிறது', அதற்கும் கீழே 'இப்பகுதியின் நீர் ஆய்வாளர்'. உன் விளம்பரக் கம்பெனியில் இந்த வாசகத்தை எழுதியது நீதான் என்றும் நீயே பெருமையாகப் படம் அனுப்பியிருந்தாய் என்றும் சித்திதான் சொன்னாள். அவளுக்கு அனுப்பியிருக்கிறாய், எனக்கு அனுப்பவில்லை. ஏன் என்று நான் கேட்கப் போவதில்லை, நீயும் காரணம் தேட வேண்டாம், இரண்டு பேருக்கும் தெரியும்.

நான் உன்னிடம் சொன்ன வாக்கியம் எது என்று மறந்திருந்தால் இதோ முழுவதையும் எழுதுகிறேன். 'கொட்டகைத் தக்காளி தண்ணீர்ச் செலவைப் பாதியாகக் குறைத்தாலும், அங்கிருந்து வடிகிற உரத்தண்ணீர் கீழே இருக்கிற கிணறுகளைக் கெடுக்கிறது.' குறைத்தாலும் என்று சொன்னேன் மகளே, குறைத்தாலும். அந்த 'ஆலும்' எங்கே போயிற்று? அந்த வாலை நறுக்கி எறிந்துவிட்டு முற்றுப்புள்ளி வைத்து, அதை என் வாயில் வேறு வைத்திருக்கிறாய். 'ஆலும்' என்றால் பேச்சு இன்னும் முடியவில்லை, விஷயம் இனிமேல்தான் வருகிறது, எழுந்து போகாதே என்று அர்த்தம். மூன்று வருஷமாக நானும் என்னோடு வேலை செய்கிறவர்களும் மேட்டில் தக்காளி வளர்க்கிற அந்தப் பிளாஸ்டிக் கூரைக் கொட்டகைகளுக்கு எவ்வளவு தண்ணீர் உள்ளே போகிறது, என்னவாக வெளியே வருகிறது என்று பாட்டில் பாட்டிலாகப் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, சேற்றில் சிக்கிய வேனைத் தள்ளிக்கொண்டு வந்து கண்டுபிடித்தது எல்லாம் அந்த 'ஆலும்'க்குப் பிறகுதான் இருக்கிறது. அதற்கு முன்னால் இருப்பதைக் கண்டுபிடிக்க நான் வேண்டியதில்லை, கொட்டகை முதலாளியே சொல்லிவிடுவார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், ஒரு தெருவின் கிணறுகளையே தக்காளிப் பெட்டியில் மறைத்தவள் என் வயிற்றில் பிறந்தவள்தான்.

அப்பா உனக்காகப் பேசினார். "விடு, சின்னப் பொண்ணு, தெரியாம செஞ்சிருப்பா" என்றார். தெரியாமல் எப்படிச் செய்ய முடியும்? பாதியில் வெட்ட வேண்டுமென்றால் எது பாதி என்று தெரிய முழுவதையும் படித்திருக்க வேண்டுமே. இதைக் கேட்டதும் அவர் அடுப்படிக்குப் போய்விட்டார், நான் போய்ப் பார்த்தால் அந்தத் தக்காளியைத்தான் உப்புத் தொட்டுத் தின்றுகொண்டிருக்கிறார். நல்ல ருசி என்கிறார். ருசியைப் பற்றி நான் எப்போதாவது குறை சொன்னேனா?

உண்மையைச் சொன்னால் எனக்குப் பற்றி எரிவது அந்தப் பெட்டியைப் பார்த்து மட்டும் இல்லை. நீ படித்து முடித்து வேலைக்குப் போய் இத்தனை காலத்தில் ஒரு நாள்கூட என் வேலையைப் பற்றிக் கேட்டதில்லை, அம்மா சாக்கடைத் தண்ணீர் பிடிக்கிறவள் என்று தோழிகளிடம் சொல்லிச் சிரித்ததும் எனக்குத் தெரியும், அதற்கெல்லாம் நான் கோபப்பட்டதில்லை, பிள்ளைகள் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் திடீரென்று போன் செய்து "அம்மா, நீ என்னதான்மா ஆராய்ச்சி பண்றே, எனக்குப் புரியற மாதிரி சொல்லேன்" என்றாய். சோதனைச்சாலை வராந்தாவில் பாட்டில்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினேன். உள்ளே மிஷின் ஓடி முடிந்து மணி அடித்தும் எழுந்து போகவில்லை. நீ நடுநடுவே "இரும்மா, இதை இன்னொரு தடவை மெதுவாச் சொல்லு" என்றாய், என் மகளுக்கு எவ்வளவு அக்கறை வந்துவிட்டது என்று நினைத்தேன். நீ எழுதிக்கொண்டிருந்திருக்கிறாய். அன்று வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், இந்தத் தவளைக்குக் கேட்க ஆள் கிடைத்த சந்தோஷம் வேறு. அம்மாவிடம் கேட்கிற மாதிரி கேட்டுவிட்டு வியாபாரத்துக்கு விற்றதை நான் எப்படி மறப்பேன் என்று தெரியவில்லை. தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்று சொல்வார்கள், அதிலும் ஒரு 'ஆனாலும்' இருக்கிறது பார், அதை வெட்டினால் தாயும் பிள்ளையும் என்று பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

இதுவரை எழுதியது என் மனசு. இனி எழுதுவது உன்னால் நடந்தது. கொட்டகைகளுக்குக் கீழே இருக்கும் தெருவில் ஒரு தையல்காரம்மா இருக்கிறார், அவர் வீட்டுக் கிணற்றில்தான் நைட்ரேட் எல்லாவற்றையும்விட அதிகம். உரத்திலிருந்து வருகிற உப்பு அது, கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது, கொதிக்கவைத்தாலும் போகாது. பெரியவர்கள் எப்படியோ சமாளித்துவிடுவார்கள், கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மாவைக் கரைத்துக் கொடுத்தால் உடம்பு நீலம் பாய்ந்துவிடும். அவர் மகளுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், லாரித் தண்ணீரிலேயே கரையுங்கள் என்று நான் படித்துப் படித்துச் சொல்லி, அவர்களும் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை நடந்துகொண்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை பாட்டிலோடு போனால் அந்தப் பெண் கிணற்றடியில் பால் பாட்டிலைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். தையல்காரம்மா உள்ளேயிருந்து பச்சை அட்டையைக் கொண்டுவந்து காட்டி, "நீங்கதானேம்மா சொல்லியிருக்கீங்க, தண்ணியைக் காக்குதுன்னு? இந்தத் தெருவுக்கு வர்ற ஆய்வாளர் நீங்க ஒருத்தர்தானே, சரியாயிடுச்சுன்னு நெனச்சு ரெண்டு நாளா கெணத்துத் தண்ணியிலதான் கரைக்கிறோம்" என்றார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தம்பி வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கே ஓடினோம். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால்தான் இந்தக் கடிதம் உனக்கு வருகிறது, ஏதாவது ஆகியிருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து அனுமதிக் குழு கூடியது. கொட்டகைகளை இன்னும் ஒரு மடங்கு கட்ட வேண்டும், வடிகிற தண்ணீரைச் சுத்தம் செய்கிற குளம் மட்டும் கட்ட மாட்டோம், செலவு அதிகம் என்று தக்காளிக் கம்பெனி கேட்கிறது. குளம் இல்லாமல் ஒரு கொட்டகைகூடக் கூடாது என்று நாங்கள் அறிக்கை கொடுத்திருக்கிறோம். கம்பெனி வக்கீல் எழுந்து எங்கள் அறிக்கைக்குப் பக்கத்தில் உன் பெட்டியை வைத்தார். ஆய்வாளரே பாராட்டியிருக்கிறாரே, அறிக்கையில் ஒன்று, வெளியில் ஒன்றா என்றார். என்னோடு வேலை செய்கிற பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள் பார், அந்தப் பார்வைக்கு நான் பூமிக்குள் போயிருக்க வேண்டும். நான் சொன்னதில் பாதிதான் இது என்றேன். யாரிடம் சொன்னீர்கள் என்று குழுத் தலைவர் கேட்டார். அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன். பதில் தெரிந்தும் வாயைத் திறக்காமல் வந்தது என் வேலையில் அதுதான் முதல் தடவை, உனக்காகச் செய்தேன், இனி ஒரு தடவை செய்ய மாட்டேன்.

அதனால் நீ செய்ய வேண்டியதை எழுதுகிறேன். நீ யார், இந்த வாசகத்தை யாரிடம் கேட்டு வாங்கினாய், எதை வெட்டினாய் என்று உன் கையெழுத்தோடு குழுத் தலைவருக்கு நீயே எழுத வேண்டும். மன்னிப்பு எனக்கு வேண்டாம், தையல்காரம்மாவின் மகளிடம் கேள். எல்லா விளம்பரமும் இப்படித்தான், மேலே இருப்பவர்கள் சொன்னார்கள் என்று ஆரம்பிக்காதே, மேலே இருப்பவர்களுக்கு அந்த வாக்கியம் தெரியாது, உனக்குத்தான் தெரியும். நீ எழுதாவிட்டால் அடுத்த கூட்டத்தில் நான் எழுந்து என் மகள் என்று சொல்வேன். சித்தி ஒரு மாதம் அழுவாள், அப்பா ஒரு வாரம் என்னோடு பேச மாட்டார், பரவாயில்லை.

வேளைக்குச் சாப்பிடு, ரொட்டியையே கடித்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்காதே. கடைவாய்ப் பல்லை உடனே டாக்டரிடம் காட்டு, தள்ளிப்போட்டால் அதுவும் பெரிதாகும். நீ நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் தலைநிமிர்ந்து வாழ வேண்டும், இந்த வாழ்த்தில் கோபம் ஒரு துளியும் கலக்கவில்லை. குழு அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை கூடுகிறது, மறந்துவிடாதே, அதற்குள் உன் கடிதம் அங்கே இருக்க வேண்டும். இதனால் உன் வேலை போகலாம், தெரிந்துதான் கேட்கிறேன். போனால் துணிமணியைக் கட்டிக்கொண்டு நேராக வீட்டுக்கு வா, சாப்பாடு போடுகிறேன், யாரும் ஒரு வார்த்தை சொல்ல விடமாட்டேன். வாயை மூடி வேலையைக் காப்பாற்றிக்கொண்டு லீவுக்கு வந்தாலும் சாப்பாடு போடுவேன். பேச்சு மட்டும் இருக்காது.

இப்படிக்கு,
இன்னும் ஆறாத கோபத்தோடு
உன் அம்மா