இரண்டு விரல் அகலத் தாள்

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. நலம் என்று போடாவிட்டால் கடிதம் நகராது என்பதால், இங்கே எல்லோரும் நலம். நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்குக் கும்பிடு போட்டவள். பிழை இருந்தால் சிரித்துக்கொள். பேப்பரில் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது ஓசி வேடிக்கை.

நீ அனுப்பிய பேப்பர் வந்தது. 'சிரிப்புச் செய்திகள்' பக்கத்தில் நீ எழுதியதை உன் மாமா எனக்கு மூன்று தடவை படித்துக் காட்டினார். குடை பிடித்துக்கொண்டே சைக்கிள் ஓட்டும் ஒரு தண்ணீர்த் தொட்டிக்காரர், ஊரில் யாரும் புகார் சொல்லாமல் இருக்கக் குடிதண்ணீரில் தூக்க மருந்து கலக்கிறார், மேலதிகாரிகள் அதற்குப் பதக்கம் கொடுத்தார்கள் என்று எழுதியிருந்தாயே, பாவி! குடையைக் கேட்டதுமே ஆள் யாரென்று பிடித்துவிட்டேன். அவரும் "மச்சான் நம்மளப் பேப்பர்ல ஏத்திட்டான் பாத்தியா" என்று சட்டைப் பித்தான் தெறிக்கச் சிரித்தார். இருபது வருஷமாகப் பம்பு போடுகிற மனுஷனுக்கு வேறு யார் பதக்கம் கொடுத்தார்கள்?

அந்தப் பெருமையில்தான் நான் ஒரு வேலை செய்தேன். பம்பு அறைச் சுவரில் கண்ணாடி போட்ட பலகை இருக்கிறதே, தண்ணீர் விடும் நேரத்தை எழுதி ஒட்டுவார்களே, அதற்குள் உன் எழுத்தை ஒட்டினேன். தாள் கொஞ்சம் பெரிசு. மேலே இரண்டு விரல் அகலம் கத்தரித்தேன். 'சிரிப்புச் செய்திகள்' என்ற தலைப்பும் உன் பெயரும் மிச்சப் பேப்பரோடு அடுப்புக்குப் போயின.

முதல் நாள் எல்லோரும் சிரித்தார்கள். தையல்காரர், "எனக்கு ரெண்டு சொட்டு சேத்தே விடுங்க, பொண்டாட்டி குறட்டையில தூக்கமே இல்ல" என்றார். மறுநாள் யாரோ அதைப் போட்டோ எடுத்து ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்கள். அந்தப் பலகையில் இருபது வருஷமாக ஒரு பொய் ஒட்டியதில்லை, தம்பி.

ரொட்டிக் கடையில் நான் நுழைந்தால் பேச்சு நிற்கிறது. முந்தாநாள் தெரியாமல் ஒரு கொட்டாவி விட்டேன். வரிசையே இரண்டடி பின்னால் போனது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாது.

உன் மாமா தாளைக் கிழித்துப் போட்டார். "மாட்டிக்கிட்டதும் மறைக்கிறான்" என்றார்கள். எல்லோர் முன்னாலும் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துக் காட்டினார். "பழகின உடம்பு, அவனுக்கு ஏறாது" என்றார்கள்.

வெல்டிங் பட்டறைக்காரர் மகளுக்கு நாலு நாளாகக் காய்ச்சல். ஆறு வயசு. நேற்றிலிருந்து கண் திறக்கவில்லை. மூளைக் காய்ச்சல் என்கிறார் டாக்டர். தாய்க்காரி அவரிடம் அந்தப் போட்டோவை நீட்டிக்கொண்டே இருக்கிறாளாம். பட்டறைக்காரர் காலையில் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து நம் வாசலுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். இப்போது ஏழு நாற்காலி. எல்லோரும் நம் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கத்தினால்கூடத் தேவலை.

உன் மாமாவைப் போக விடாமல் குடையை ஒளித்து வைத்தேன். "தண்ணி விடலேன்னா ஊரு என்னடி பண்ணும்" என்று குடை இல்லாமலே கிளம்பிவிட்டார்.

நீ வராதே. அதே பேப்பர் இன்னொன்று எடுத்து, அந்தப் பக்கத்தை முழுசாகத் தபாலில் அனுப்பு. போனில் படம் அனுப்பினால் இப்போது செய்தது என்பார்கள். தலைப்பு அப்படியே இருக்கட்டும். உன் பெயரை மட்டும் கத்தரித்துவிடு. எழுதியது யார் என்று கேட்கிறார்கள். நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டேதான் எழுதுகிறேன். இப்போது ஏழு நாற்காலியும் காலியாக இருக்கின்றன, எல்லோரும் எழுந்து பம்பு அறைப் பக்கம் போய்விட்டார்கள்.

இதைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டுக் குடையோடு பம்பு அறைக்குப் போகிறேன். வெயில் அதிகம், உன் மாமாவுக்குத் தலை தாங்காது.

நூறு வயசு சிரித்த முகமாய் இரு, கண்ணா. கத்தரிக்கோலைப் பார்த்துப் பிடி.

உன் அக்கா