மனசுக்குள் பத்து எண்ணவும்

மார்ச் 3, செவ்வாய்

மதியம் லாண்டரியிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது என் மகளுடைய போன் சத்தம் போட்டது. அவள் போன பிறகும் அதைச் சார்ஜில் போட்டுப் போட்டு வைத்திருக்கிறேன்.

அவள் சேர்ந்திருந்த ஆசிரியர் பயிற்சி வகுப்பிலிருந்து வந்திருந்தது. சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் புதிதாக வருகிறவர்களுக்கான வகுப்பு, போனிலேயே நடக்கிறது. "நீங்கள் இரண்டு வாரமாக வரவில்லை. இந்த வாரமும் வராவிட்டால் உங்கள் கணக்கு மூடப்படும்." மேலே அவள் பேர். பக்கத்தில் அவள் சிரிக்கிற படம்.

வராவிட்டாலாம். எங்கேயிருந்து வருவா?

அதற்குக் கீழே ஒரு ஆள் எழுதியிருந்தார். "தங்கச்சி, என்ன ஆச்சு? உடம்பு சரியில்லையா? நீ வரலைன்னா நானும் காலி."

மேலே தள்ளித் தள்ளிப் படித்துப் புரிந்துகொண்டேன். இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்திருக்கிறார்கள். ஒருவர் செய்ததை இன்னொருவர் பார்த்துக் கருத்துச் சொல்லணும். ஒருவர் நின்றால் மற்றவரும் நிற்கணும். அவளுக்கு ஜோடி ஏதோ ஒரு பள்ளிக்கூடத்து வாட்ச்மேன். அவருக்கு அவள் இன்னும் இருக்கிறாள். உடம்பு சரியில்லாமல் எங்கோ படுத்திருக்கிறாள்.

"காய்ச்சல் அண்ணா" என்று எழுதி அனுப்பிவிட்டேன். கை தானாக எழுதிவிட்டது.

உடனே பதில். "உடம்பைப் பாத்துக்கோ. பாடம் எங்க ஓடிடப்போகுது."

பொய் இல்லை. காய்ச்சல்தான்.

மார்ச் 5, வியாழன்

கணக்கு மூடக்கூடாது. அது மட்டும்தான் தெரியும். மூடிவிட்டால் அவளை யாரும் எங்கேயும் தேட மாட்டார்கள்.

பாடத்தைத் திறந்தேன். நான் எட்டாவதோடு நின்றவள். ஒரு வரியைப் படித்து அடுத்த வரிக்குப் போனால் முந்தின வரி மறந்துபோகிறது. கடைசியில் கேள்விகள். "அழுதுகொண்டே வரும் குழந்தையை முதலில் என்ன செய்வீர்கள்?" நாலு விடை கொடுத்திருக்கிறார்கள். தூக்கிக்கொள்வேன் என்பது நாலிலும் இல்லை. எதையோ அமுக்கினேன். தவறு. இன்னொன்று. அதுவும் தவறு. பெயிலாகிக்கொண்டே இருந்தேன், அவள் பேரில்.

உன் பேரைக் கெடுக்கிறேன்டி.

மார்ச் 9, திங்கள்

பாஸ். ஆறாவது தடவையோ ஏழாவதோ.

மார்ச் 14, சனி

அவள் முதல் பாடத்தில் எழுதி வைத்ததை இன்றுதான் தேடிப் பிடித்தேன். "உங்களால் மறக்க முடியாத ஆசிரியர் யார்?" என்று கேட்டிருந்தார்கள். பொய் சொல்வானேன், என் பேர் இருக்கும் என்று நினைத்தேன்.

ஒரு பஸ் கண்டக்டரைப் பற்றி எழுதியிருக்கிறாள். சின்ன வயதில் தினமும் அந்த பஸ்ஸில் போனாளாம். மீதிச் சில்லறையை அவர் கொடுக்காமல், எவ்வளவு வரணும் நீயே சொல்லு என்பாராம். அதில்தான் கணக்கு பிடித்துப்போச்சாம். ஒரு பக்கம் முழுக்கக் கண்டக்டர். கடைசி வரி வரைக்கும் தேடினேன். அம்மா என்று ஒரு சொல் இல்லை.

பெத்தது நான், பேர் கண்டக்டருக்கு. சண்டை போடலாம்னா ஆளு இல்ல.

மார்ச் 20, வெள்ளி

வெயில் இப்போதே கொளுத்துகிறது. என் வீட்டுக்காரர் வரும்போதெல்லாம் ஃபேனை நிறுத்துகிறார். டிப்போவில் நாள் முழுக்கத் தண்ணீரில் நின்று பஸ் கழுவுகிற மனுஷன், அவருக்குக் குளிரலாம், எனக்கு வேகிறது. நான் போடுகிறேன், அவர் நிறுத்துகிறார். இன்றைக்குச் சத்தம் போட்டேன். கரண்ட் என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா இப்படிக் காக்கறீங்க என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இந்த வீட்டில் பேச்சு அவளோடு போய்விட்டது. இருக்கிற இரண்டு பேருக்கும் சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

மார்ச் 24, செவ்வாய்

வாட்ச்மேனுக்குப் பாடம் புரியவில்லையாம். ஒரு வேலையைப் பிள்ளைகளுக்குச் சின்னச் சின்னதாகப் பிரித்துச் சொல்லிக் கொடுப்பது எப்படி என்கிற பாடம். எனக்கு அது ஒன்றுதான் படித்தவுடனே புரிந்தது. லாண்டரிக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பெட்ஷீட் மடிக்க அப்படித்தானே காட்டுகிறோம். முதல் நாள் மூலையைப் பிடிக்க மட்டும். மறுநாள் உதற மட்டும். பிறகுதான் எதிரும் புதிருமாக நடந்து வந்து முனையோடு முனை சேர்க்கிறது.

"எங்க அம்மா லாண்டரில இப்படித்தான் சொல்லித் தருவாங்க அண்ணா" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் எழுதினேன்.

"உங்க அம்மா கெட்டிக்காரங்கதான் தங்கச்சி."

எனக்கு நானே பாராட்டு வாங்கிக்கொண்ட மாதிரி ஆயிற்று. வெட்கமாக இருந்தது. அவள் எழுதாமல் விட்டதை நான் எழுதிக்கொண்டேனா? அந்த ஆள் படத்தைப் பார்த்தால் என்னைவிடப் பத்து வயசாவது சின்னவர். அண்ணா, அண்ணா என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 29, ஞாயிறு

இந்த வாரப் பாடம்: காத்திருத்தல். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர் வாயை மூடிக்கொண்டிருக்கணும். மனசுக்குள் பத்து எண்ணவும் என்று போட்டிருக்கிறார்கள். பிள்ளை முழிக்கிறதே என்று நாமே விடையைச் சொல்லிவிடக்கூடாது, வேறு கேள்விக்குத் தாவக்கூடாது, முகத்தைச் சுளிக்கக்கூடாது. வீட்டில் யாரிடமாவது செய்து பார்த்து எழுதுங்கள் என்று வேலை கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டில் இவரை விட்டால் யார். பல நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டேன். கடைசியாக ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் இருந்தது இவர்தான். நான் மருந்து வாங்கக் கீழே இறங்கியிருந்தேன். வந்து பார்த்தால் நர்ஸ் திரையை இழுத்துவிட்டிருந்தாள். "அவ கடைசியா என்ன சொன்னா உங்ககிட்ட?" என்றேன். வாயை மூடிக்கொண்டு எண்ணினேன். பத்து தாண்டியது. நான் நிறுத்தவில்லை. அவர் உதடு அசைந்த மாதிரி இருந்தது. பிறகு எழுந்துபோய் ஃபேனை நிறுத்திவிட்டுப் படுத்துக்கொண்டார்.

பாடத்தில் எழுதினேன்: செய்து பார்த்தேன், விடை வரவில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

வாட்ச்மேன் நீளமாக எழுதியிருந்தார். அவர் பள்ளிக்கூடத்தில் மழலை வகுப்புக்கு உதவிக்கு ஆள் எடுக்கிறார்களாம். இந்தப் படிப்பை முடித்தால் அவரையும் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். "கேட்டுக்கு வெளியிலேயே நின்னு நின்னு பிள்ளைங்க முதுகை மட்டும்தான் பாத்திருக்கேன் தங்கச்சி. உள்ள உட்கார்ந்து மூஞ்சியப் பாக்கணும். எங்க வீட்டுல சொன்னா சிரிப்பாங்க. நீ சிரிக்க மாட்டே, அதான் உங்கிட்ட சொல்றேன்."

இதை நான் படித்திருக்கக்கூடாது. எனக்கு வந்தது இல்லை இது.

"கண்டிப்பா உள்ள போவீங்க அண்ணா" என்று எழுதினேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

முடிந்தது கதை. கடைசிப் பாடத்துக்கு ஜோடியாக வீடியோவில் வந்து ஒருவருக்கு ஒருவர் பாடம் நடத்தணுமாம். அது பதிவாகும், பயிற்சி மேடம் பிறகு பார்த்து மார்க் போடுவார். அடுத்த சனிக்கிழமை. முகம் தெரியணும் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது.

முகத்துக்கு எங்கே போவேன்?

ஏப்ரல் 14, செவ்வாய்

கேமரா உடைந்துவிட்டது என்று சொல்லலாமா. மேடம் விட மாட்டார். எதிர்வீட்டு டெய்லரின் மருமகளுக்கு அவள் வயசுதான், அவள் மாதிரியே வகிடு எடுப்பாள். கொஞ்சம் உட்காருகிறாயா என்று கேட்கப் போனேன். கதவு வரைக்கும் போனேன். தைத்த ரவிக்கை வாங்க வந்தேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். ரவிக்கை ஒன்றும் கொடுக்கவில்லை நான். அந்தப் பொண்ணு அலமாரி முழுக்கத் தேடினாள், பாவம்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அழுதபோது இவருக்குத் தெரிந்துபோயிற்று. போனை வாங்கி எல்லாவற்றையும் படித்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"போனவளை இன்னுமா பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கிட்டிருக்கே?" என்றார். அவ்வளவுதான்.

ஏப்ரல் 16, வியாழன்

லாண்டரியில் ஷீட்டின் முனையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேனாம். எதிரில் நின்றவள் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, என்னக்கா கொடிக்கம்பமா நீ என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவள் போயிட்டா, தவறிட்டா, இல்லாமப்போயிட்டா. எத்தனை விதமாகச் சொல்லிவிட்டேன் எல்லாரிடமும். அந்த ஒரு சொல் மட்டும் வாயில் வர மாட்டேன் என்கிறது. அதைச் சொல்லாத வரைக்கும் ஏதோ பாக்கி இருக்கிற மாதிரி.

ஏப்ரல் 18, சனி

உட்கார்ந்தேன். தலை வாரிக்கொண்டு, போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, நான் நானாகவே உட்கார்ந்தேன். வராமல் இருந்தால் அவர் படிப்பு போகும். வந்தால் கணக்கு போகும். எதை விடுவது என்று யோசித்து முடிக்கும் முன்னால் அவர் முகம் வந்துவிட்டது.

யூனிபாரம் இல்லை. வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்பு கலையவில்லை. ஒரு பெண்ணின் கை வந்து போனை நேராக்கிவிட்டுப் போயிற்று. சிரித்துக்கொண்டே வந்தவர் என்னைப் பார்த்து நின்றுவிட்டார்.

"நீங்க…"

"அவ அம்மா."

"தங்கச்சி எங்க?"

பிறகு அவர் பேசவில்லை. மறுபடி கேட்கவில்லை, ஊருக்குப் போயிருக்கா, உடம்பு சரியில்லையா என்று நான் பிடித்துக்கொள்ள ஒரு கொம்புகூடத் தரவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பாடத்தை அவரும் படித்தவர்தானே. அவர் எண்ணினாரோ என்னவோ, நான் எண்ணினேன். எதுவரைக்கும் எண்ணினேன் என்று தெரியவில்லை.

"செத்துட்டா" என்றேன்.

சொல்லிட்டேன். என் வாயாலயே சொல்லிட்டேன்.

எப்போ என்று கேட்டார். பிப்ரவரியில் என்றேன். அவர் விரலை மடக்கி எதையோ கணக்குப் போட்டார். முகம் மாறிக்கொண்டே வந்தது. "எங்க வீட்டுலகூடச் சொல்லாததை உங்ககிட்ட சொல்லியிருக்கேன். பிள்ளைன்னு நெனச்சு சொன்னேன்" என்றார். திரை கறுத்துவிட்டது.

ஏப்ரல் 20, திங்கள்

அவரிடமிருந்து ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 22, புதன்

பதிவைப் பார்த்துவிட்டுப் பயிற்சி மேடம், அவள் சேரும்போது கொடுத்திருந்த என் நம்பருக்குக் கூப்பிட்டார். சின்னக் குரல், அவள் வயசு இருக்கும். கணக்கை மூடித்தான் ஆகணும், வேற வழி இல்லைம்மா என்றார். வாட்ச்மேன்? ஜோடி இல்லாமல் முடிக்க முடியாது, ஜூனில் புது வகுப்பில் முதலிலிருந்து சேரணுமாம். அதற்குள் அவர் பள்ளிக்கூடத்தில் ஆள் எடுத்து முடித்துவிடுவார்கள்.

கேட்டுக்கு வெளியிலேயே நிற்க வைத்துவிட்டேன் அந்த மனுஷனை. இல்லாதவளைக் காப்பாத்தறேன்னு இருக்கறவரைக் கெடுத்தேன். என்னை என்ன செய்தால் தகும்?

ஏப்ரல் 26, ஞாயிறு

அவள் போனில் வகுப்பைத் தொட்டால் வெள்ளையாக வருகிறது. படம் இல்லை, பேர் இல்லை, கண்டக்டரும் இல்லை.

மே 3, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை.

மே 19, செவ்வாய்

மேடத்திடம் நம்பர் வாங்கி வாட்ச்மேன் எனக்கு எழுதியிருக்கிறார். முதல் சொல்லையே இரண்டு தடவை படித்தேன்.

"அக்கா. கோபம் இன்னும் போகல. ஆனா பெட்ஷீட்டு மடிக்கறத வச்சு எனக்குப் பாடம் சொல்லிக் குடுத்தது நீங்கதான்னு நேத்துதான் உறைச்சது. இந்த வருஷம் இடம் போச்சு, அடுத்த வருஷம் கேப்பேன். ஜோடி வேணும். வர்றீங்களா? உங்க பேர்ல வாங்க.

இன்னொண்ணு. தங்கச்சி உங்களப் பத்தி ஒரு தடவ சொல்லிச்சு. எங்கம்மா தூக்கத்துலயும் துணி மடிப்பாங்கண்ணா, கை ரெண்டும் காத்துல போய்ப் போய் வரும், நான் முழிச்சிருந்து பாத்துக்கிட்டே இருப்பேன்னு."

நான் தூக்கத்தில் மடிப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஜூன் 15, திங்கள்

புது வகுப்பு, முதல் நாள். உங்களை அறிமுகம் செய்து வீடியோ அனுப்புங்கள் என்றிருந்தது. போனை அதே சர்க்கரை டப்பாவில் சாய்த்தேன். பேர் சொன்னேன். லாண்டரியில் வேலை, எட்டாவது வரைக்கும் படிப்பு. எதற்குச் சேர்ந்தீர்கள் என்பதற்கு, "என் மக ஆரம்பிச்சா. அவ செத்துட்டா. நான் படிக்கிறேன்" என்றேன். நிறுத்தியபோது இவர் கதவோரம் நின்றிருந்தார், டிப்போவிலிருந்து வந்த ஈரக் காலோடு. எவ்வளவு நேரமாகவோ.

நான் ஒன்றும் கேட்கவில்லை. மார்ச்சில் கேட்டது கேட்டதுதான்.

"ஃபேனை நிறுத்துங்கப்பா, குளிருதுன்னா" என்றார். "நிறுத்திட்டு வந்து பாத்தேன். அவ்வளவுதான் சொன்னா. இதைப் போய் உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

பக்கத்தில் உட்கார்ந்தார். வேர்த்து ஊற்றுகிறது இரண்டு பேருக்கும். ஃபேனை நான் போடவில்லை.