வளைத்த வாய்க்கால்

ஃப்ரீடவுன், 3 ஜூன் 1988

என் அக்கா பெற்ற ஒரே வைரமே, லீட்ஸ் நகரத்துத் தண்ணீரையெல்லாம் குழாயில் அடைத்து ஆளும் பொறியாளர் அம்மையே, இயதுண்டே,

உன் தாய்மாமன் நலம். மழை என்னைவிட நலம். நேற்று ஒரு துளி என் தலையில் விழுந்தது, இன்னும் வீக்கம் வற்றவில்லை. நம் மனையின் சரிவு தெரியுமல்லவா, மேலே நின்று தும்மினால் கீழே கடலில் அலை எழும்.

உன் வீட்டுக்குக் கூரை ஏறிவிட்டது. நீ அனுப்பிய வரைபடமும் வந்தது. கூரைத் தண்ணீரும் முற்றத்துத் தண்ணீரும் ஒரே வாய்க்காலில் நேராக இறங்கித் தெருச் சாக்கடையில் விழவேண்டும் என்கிறாய். பிரமாதம். ஆனால் அந்த நேர்கோடு உன் அம்மாவின் படையல் குழி மேல் போகிறது. அவளுடைய நாற்பதாம் நாளுக்குப் பயறும் அக்கரா வடையும் சோறும் இட்டு, "சாப்பிடு அக்கா" என்று தண்ணீர் ஊற்றி மூடினோமே, அந்தக் குழி. அன்று அவள் சம்மதம் கேட்டுக் கோலாக் கொட்டையை வீசினதும் முதல் வீச்சிலேயே ஏற்றுக்கொண்டாள். அதில் மண்வெட்டி வைக்க எனக்குக் கை வரவில்லை. வாய்க்காலைக் கொஞ்சம் வளைக்கலாமா?

கீழ் மனை சாந்திகி நேற்றும் பலகை ஆட்டத்தில் என்னைத் தோற்கடித்தான். "உன் அக்கா மக வீடு என் தலைமேல நிக்குதுப்பா. மழைக்கு நான் படுக்குறதா, நீந்துறதா?" என்றான்.

"நீந்து. தொப்பை கரையும்" என்றேன்.

மலைகளின் அதிபதி, மழைகளின் மேற்பார்வையாளன்,
உன் மாமா தியோஃபிலஸ்

லீட்ஸ், 17 ஜூன் 1988

அன்பு மாமா,

உங்கள் கடிதத்தை பஸ்ஸில் படித்துச் சிரித்தேன். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடம் போய்விட்டார். டிசம்பரில் வீட்டைப் பார்க்க நானே வருகிறேன்.

சரிவில் இறங்கும் தண்ணீருக்குத் திரும்பப் பிடிக்காது மாமா. வளைவில் எகிறும், இல்லையென்றால் மண்ணுக்குள் புகும். வேறு யாராவது கேட்டிருந்தால் கூடாது என்று ஒரே வரியில் எழுதியிருப்பேன். ஆனால் அந்த நாற்பதாம் நாளுக்கு எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. என் கையால் அம்மாவுக்கு ஒரு பிடி சோறு இடவில்லை. அந்தக் குழியையும் நானே வெட்டச் சொல்லவா?

வளைத்துக்கொள்ளுங்கள். வளைவில் ஆழமாக ஒரு தொட்டி கட்டி, ஒவ்வொரு மழைக்குப் பிறகும் சேற்றை அள்ளுங்கள். நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. போட்டால் வேண்டாம் என்று வந்துவிடுமோ என்று பயம்.

உங்கள் இயதுண்டே

ஃப்ரீடவுன், 21 ஜூலை 1988

வைரமே,

வளைத்தாகிவிட்டது. பட்டாளத்தான் திரும்புவதுபோல் தண்ணீர் விறைப்பாகத் திரும்புகிறது. தொட்டியில் நான் அள்ளிய சேற்றைக் குவித்தால் இந்த ஊருக்கு இன்னொரு மலை கிடைக்கும்.

வளைவுக்குக் கீழே, மண்ணைத் தாங்கும் உன் தடுப்புச் சுவரின் அடியில் மட்டும் ஈரம் கசிகிறது. அதை ஒட்டித்தான் சாந்திகியின் பின்னறை. "சுவருக்கு வேர்க்குதுப்பா, காய்ச்சலோ என்னவோ" என்றான். கட்டிலை முன்னறைக்கு மாற்றச் சொன்னேன். "ஜெயிச்சவன் எழுந்து போகணும், தோத்தவன் சொல்லணுமா? நல்லாருக்குடா உன் நியாயம்" என்கிறான். அவன் பெண்டாட்டி யா போசே மீன் பொரித்துக்கொண்டே எங்கள் இருவரையும் சேர்த்துத் திட்டினாள். பொரித்ததில் எனக்குத்தான் பெரிய துண்டு.

கசிவுக்கு என்ன மருந்து என்று எழுது.

சேற்றுத் தொட்டிகளின் மாமன்னன்,
தியோஃபிலஸ்

லீட்ஸ், 2 ஆகஸ்ட் 1988

மாமா,

உங்கள் கடிதம் இன்றுதான் கிடைத்தது. சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்குகிறது. அது வேர்வை இல்லை, கனம். சாந்திகி மாமாவைக் கையைப் பிடித்து இழுத்தாவது அந்த அறையைவிட்டு வெளியே கொண்டுவாருங்கள். அம்மா குழியை வெட்டி வாய்க்காலை நேராக்குங்கள். இப்போது கணக்குப் போட்டுவிட்டேன். தயவுசெய்து இன்றே செய்யுங்கள்.

இயதுண்டே

ஃப்ரீடவுன், 19 ஆகஸ்ட் 1988

இயதுண்டே,

உன் கடிதம் நேற்று வந்தது. சுவர் அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை காலையிலேயே விழுந்துவிட்டது. நான் வரும் நேரம் என்று சாந்திகி பின்னறையில் ஆட்டக் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தானாம். மழை விடட்டும் என்று நான் வீட்டில் நின்றிருந்தேன். கையால்தான் தோண்டினோம். மண் கட்டியாக இல்லை, கூழாக இருந்தது. தோண்டத் தோண்ட இறங்கி வந்தது. அன்று மாலையே அடக்கம் செய்தார்கள்.

நான் போனபோது யா போசே என்னை உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். "செத்துப்போன உங்க அக்காவுக்கு இடம் விட்டீங்க. உசுரோட இருந்த என் ஆளுக்கு விடலையே அண்ணே" என்றாள். அழுதுகொண்டு சொல்லவில்லை. கேள்வியாகத்தான் கேட்டாள்.

மறுநாள் நானே குழியை வெட்டினேன். வாய்க்கால் இப்போது நேராகப் போகிறது. தண்ணீர் தெருவில் விழுகிறது. அவ்வளவு எளிய வேலை.

டிசம்பரில் வருவதாக எழுதியிருந்தாய். வராதே. உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ சரி என்று எழுதாவிட்டாலும் நான் வளைத்திருப்பேன். ஆனால் நீ வாசலில் வந்து நின்றால் அப்படியே உன் அம்மாதான். அந்த முகத்துக்காகத்தான் இதைச் செய்தேன். இனி அதை என்னால் பார்க்க முடியாது.

வீட்டுச் சாவியைப் பாதிரியாரிடம் கொடுத்திருக்கிறேன்.

தியோஃபிலஸ்