மீன் வைக்காத இரண்டு நாள்

மாதா துணை
தூத்துக்குடி

அன்பு மகள் ஷெர்லினுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் உன் தங்கை ஜெர்லினும் சுகமாக இருக்கிறோம், அப்பாவுக்குக் காது இரைச்சல் மட்டும் விட்டுவிட்டு வருகிறது, அந்தக் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டுதான் டூட்டிக்குப் போவாய் என்று நம்புகிறேன். நேற்று போனில் உன் அனிர்பனின் அம்மா மிதாலி என்ன சொன்னார்கள் என்று நீ குடைந்து குடைந்து கேட்டபோது அவர்கள் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள், நான் எப்படி வாயைத் திறப்பேன்? இன்று காலையில்தான் விமானம் ஏற்றிவிட்டோம். உன்கூடப் படித்த ஸ்டெபி இன்று உன் டப்ளினுக்குத்தான் கிளம்புகிறாள், மக்ரூன் டப்பாவோடு இதையும் அவள் கையில் கொடுக்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய், இதையாவது முழுசாகப் படி.

ஒரே பிள்ளை, பெண் வீட்டைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கல்யாணத்துக்குச் சரி சொல்வேன் என்று கல்கத்தாவிலிருந்து தனியாக வந்த மனுஷி, ஒரு குறையும் சொல்லிவிடக் கூடாதே. வடக்கத்தி இந்து என்று நீ சொன்னாய் அல்லவா, அப்போ சுத்த சைவம்தான் என்று நானே முடிவுகட்டிவிட்டேன். கருவாட்டுப் பானையை மாடியில் கொண்டு ஒளித்தேன், மீன் சட்டிகளைப் புளி போட்டுத் தேய்த்தேன், வீடெல்லாம் சாம்பிராணி போட்டேன், அப்பாவை மீன் வேண்டுமென்றால் சித்தி வீட்டில் போய்ச் சாப்பிடச் சொன்னேன். மிதாலி அம்மாவை ஜெர்லின் பனிமய மாதா கோயில், சிவன் கோயில், பள்ளிவாசல் என்று தெருத்தெருவாக நடத்தியே கூட்டிப்போனாள், இத்தனை சாமியும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறதே என்று அவர்களுக்கு ஒரே ஆச்சரியம். கிரேட் காட்டன் ரோட்டில் கடை கடையாக ஏறி ஒரு சுங்குடிச் சேலை எடுத்தார்கள், முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் சைவ ஓட்டலில் இலை போட்டதும் அந்தச் சிரிப்பு போய்விடும். இரண்டு நாளும் கொறித்துவிட்டுக் கையைக் கழுவினார்கள். நம்மைப் பிடிக்கவில்லை, காரியம் கெட்டது என்றே நினைத்துவிட்டேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் பழைய துறைமுகத்துப் பக்கம் ஒரு பழைய சரக்குக் கிட்டங்கியில் வைத்திருக்கிற முத்து, சங்குக் காட்சிக்கூடத்துக்குப் போனோம், அப்பாவும் வந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த வெள்ளைச் சங்கைப் பார்த்ததும் மிதாலி அம்மா தன் கையைக் கண்ணாடியோடு சேர்த்து வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். அவர்கள் போட்டிருந்த வெள்ளை வளையல் சங்கை அறுத்துச் செய்ததாம், அது இல்லாமல் அங்கே கல்யாணமே கிடையாதாம். நான் பிளாஸ்டிக் என்றல்லவா நினைத்திருந்தேன்! அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. காது கெடுகிற வரைக்கும் தான் முங்கி எடுத்த சங்கெல்லாம் கல்கத்தாவுக்குத்தான் மூட்டை மூட்டையாகப் போனது என்று ஜெர்லினை விட்டு இங்கிலீஷில் சொல்லச் சொன்னார்.

வெளியே வந்தால் எதிரே மீன் கடை. நாங்கள் தடுப்பதற்குள் அந்த அம்மா நேரே போய் ஒரு சீலா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, வயிற்றை அமுக்கி, விரலைக் காட்டி விலை பேச ஆரம்பித்துவிட்டார்கள். மீன்காரி இசக்கியம்மாள் என்னைப் பார்த்து, “ஏளா பேபி, யாருளா இது? செவுளு பாக்கத பாத்தா நம்ம ஊர்க்காரி மாதிரில்லா இருக்கு” என்றாள். மிதாலி அம்மா கண் கலங்கி ஜெர்லினிடம் சொன்னதைக் கேள். அவர்கள் பக்கம் சம்பந்தம் பேச வந்தவர்களுக்கு மீன் வைக்காமல் இருந்தால் விருப்பம் இல்லை என்று அர்த்தமாம். கடற்கரை ஊரில் இரண்டு நாளாக ஒரு துண்டு மீன் கண்ணில் காட்டவில்லையே, பெண் கொடுக்க மனசில்லாததை இப்படிச் சொல்கிறார்கள் என்று நினைத்து, சரி என்று சொல்லாமலே கிளம்பிவிட இருந்தார்களாம். அடிப் பாவி, வங்காளிகள் மீன் இல்லாமல் சாப்பிட மாட்டார்கள் என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நானும் கேட்டிருக்கலாம், அது வேறு.

அந்தச் சீலாவையே வாங்கிவந்து தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தேன். நம் வீட்டில் மீன் தலை யாருக்கு என்று உனக்குத் தெரியும், உங்களுக்குக்கூட அப்பா விட்டுக்கொடுத்ததில்லை. அதை அவரே எடுத்து அந்த அம்மா தட்டில் வைத்தார். அவர்கள் முள்ளு முள்ளாக ரசித்துச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த தடவை வரும்போது பெரிய மீன் ஒன்றுக்குச் சேலை உடுத்திக் கொண்டுவருவேன், மாப்பிள்ளை வீட்டு முறை அதுதான் என்றார்கள். அப்பா விழுந்து விழுந்து சிரித்து, “தூத்துக்குடிக்கே மீன் கொண்டு வாராவளாம்ல” என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இப்போது அவர்கள் எனக்கு மதினி.

கடைசியாக அப்பா கடலுக்குப் போன அன்று எடுத்த சங்கு நம் ஷோகேசில் இருந்ததே, அதை உனக்குக் கல்யாண வளையல் செய்யச் சொல்லி மதினி கையில் கொடுத்துவிட்டார். ஜெபமாலை போட்டுப் பழகிய பிள்ளை இந்த வளையலைப் போடலாமா என்று எனக்குக் கொஞ்சம் இருந்தது, அப்பாவிடம் கேட்டேன். “நம்ம கடல்ல கெடந்தது நம்ம பிள்ள கையில கெடக்கட்டும்ளா” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். மாதா கோயில் கல்யாணம் இங்கேதான், அதில் மாற்றம் இல்லை, அதற்கும் மதினி சரி சொல்லிவிட்டார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஞாயிற்றுக்கிழமை பூசையை விடாதே. பனிமய மாதா உங்கள் இரண்டு பேரையும் கைவிடாமல் காக்கட்டும். மதினி உன் கை அளவைக் கேட்டிருக்கிறார்கள், சங்கை அறுத்த பிறகு பெரிசாக்க முடியாதாம். இந்தக் கடுதாசியைப் படித்து முடித்ததும் அளவெடுத்து அனுப்பு, எனக்கு அல்ல, உன் மாமியாருக்கு.

அப்பா ஆன்டனி, ஜெர்லின் முத்தங்களோடு
உன் அம்மா பேபி