சூதாட்டம் இல்லாத ஓட்டல்

வெள்ளிக்கிழமை, தை மாதம்

லாஸ் வேகாஸில் நடக்கும் ஷூ கண்காட்சிக்குக் கம்பெனி என்னை அனுப்புகிறது. எந்த ஓட்டல் என்று இன்றைக்குள் சொல்லியாக வேண்டும். சாயங்காலம் முழுக்க இவரும் நானும் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தோம். எந்த ஓட்டலைப் பார்த்தாலும் கீழே சூதாட்டக் கூடம். அதைத் தாண்டித்தான் லிஃப்டுக்கே போக வேண்டுமாம்.

"சர்ச்ல கேட்டா இன்னான்னு சொல்றது?" என்றார் இவர்.

சர்ச்சில் யாரும் கேட்கப் போவதில்லை. நான் தனியாகப் போகிறேன் என்ற பயம் இவருக்கு. ஒரு வாரமாகவே முகம் சரியில்லை.

கடைசியில் சூதாட்டம் இல்லாத ஓட்டல் ஒன்று கிடைத்தது. கண்காட்சிக்கு நடந்தே போகலாம். ஆனால் தங்கிவிட்டுப் போனவர்கள் எல்லாம் திட்டி எழுதியிருந்தார்கள். அறையில் புது சோபாவாம். தோல் நாற்றத்தில் தூக்கமே வரவில்லையாம்.

சத்தமாகப் படித்துக் காட்டினேன். இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அதையே போட்ரு. நம்ம ஆம்பூர்லயே இருக்கற மாதிரி இருக்கும்."

போட்டுவிட்டேன். இவர் படுத்ததும் தூங்கிவிட்டார். தோல் பதனிடும் டேனரிப் பக்கமிருந்து ஜன்னல் வழியே அதே நாற்றம் வருகிறது. தினமும் திட்டிக்கொண்டே சாத்துவேன். இன்று சாத்த மனமில்லை.

தோல் நாற்றத்துக்கு அங்கே ஏற்பாடு ஆகிவிட்டது. பக்கத்தில் கேட்கும் இந்தக் குறட்டைக்கு எங்கே போவேன்?